எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம்?

வேட்டைப் புத்தகங்களில் நாம் பொதுவாகத் தாண்டிப் போகும் சில பக்கங்கள் உண்டு. புலி எந்த ஓடையில் படுத்திருக்கிறது என்று தெரிந்தாகிவிட்டது. ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆசிரியர் நிதானமாகத் தன் துப்பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். .275 என்பார், 450/400 என்பார், இதன் எடை இவ்வளவு, அதன் தோட்டா அவ்வளவு என்பார். நாம், 'அதெல்லாம் சரி, புலி எங்கய்யா?' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

எனக்கு அந்தப் பக்கங்களைத் தாண்ட முடிவதில்லை. பொறியியல் படித்தவனின் புத்தி என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். இருக்கலாம். ஆனால் ஜிம் கார்பெட்டையும் கென்னத் ஆண்டர்சனையும் திரும்பத் திரும்ப வாசித்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. வேட்டை இலக்கியத்தின் அறம் உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கங்களில்தான். எந்தத் துப்பாக்கியை எடுத்தான் என்று ஒருவன் சொல்லும்போதே, விலங்குக்கு எவ்வளவு கிட்டே போகத் தயாராக இருந்தான், குறி பிசகினால் அடுத்து என்ன செய்வான் என்பதையும் சொல்லிவிடுகிறான்.

இதைத் தமிழில் பேசுவதில் முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நம்மிடம் 'துப்பாக்கி' என்ற ஒரே சொல். எங்கள் குலசேகரம் பக்கம் 'தோக்கு' என்போம், அதுவும் எல்லாவற்றுக்கும் பொதுதான். ஆனால் குழலின் உட்சுவர் வழவழப்பாக இருந்தால் அது ஒரு கருவி, உட்சுவரில் திருகுசுருளாகப் பள்ளம் வெட்டியிருந்தால் வேறு கருவி. அந்தப் பள்ளம் குண்டைப் பம்பரம் மாதிரி சுழற்றி அனுப்புகிறது, சுழலும் குண்டு தலைகுப்புறப் புரளாமல் நேராகப் போகிறது. அதுதான் ரைஃபிள். வழவழப்புக் குழல்காரன் பால்ரஸ் ரவைகளைச் சிதறடித்து, அம்பது அடியில் காட்டுக்கோழியை விழத்தட்டலாம். ரைஃபிள்காரன் முந்நூறு மீட்டரில் ஒற்றைக் குண்டை நம்பி நிற்கிறான். இருவரையும் 'துப்பாக்கியால் சுட்டான்' என்று ஒரே வாக்கியத்தில் அடைத்தால் கதையில் பாதி காணாமல் போகிறது.

1944-இல் வந்த கார்பெட்டின் முதல் பெரிய புத்தகத்தை தி.ஜ.ர. 'குமாயுன் புலிகள்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். அதில் உள்ள சம்பாவத் ஆட்கொல்லியின் கதையைத் துப்பாக்கிகளின் கதையாக வாசித்துப் பாருங்கள். அந்தப் பெண்புலி கொன்றது 436 பேர். 1907-இல் கார்பெட் அதன் முன்னால் நிற்கும்போது கையில் .500 ரைஃபிள், சட்டைப்பையில் மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபோது புலி காயத்தோடு, ஆனால் உயிரோடு இருந்தது. ஓடிப்போய் தாசில்தாரிடமிருந்து ஒரு பழைய துப்பாக்கியைப் பிடுங்கி வருகிறார். அதன் குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிகிறது. சுட்டால் தன் முகத்திலேயே வெடிக்கக்கூடிய பொருள். சுமார் இருபது அடியில் நின்று திறந்த வாயைக் குறிபார்த்துச் சுடுகிறார். குண்டு பட்டது பாதத்தில். புலி ஏற்கனவே பட்ட காயங்களால்தான் சாகிறது.

இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் அது மனிதரிடம் வந்ததற்கு அந்தக் காயமே காரணம் என்கிறார் கார்பெட். ஆக, கதை தொடங்கியதும் ஒரு மோசமான சூட்டில், முடிந்ததும் ஒரு மோசமான துப்பாக்கியில். நடுவில் 436 பேர்.

என் தொழிலில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு அறிக்கை எழுதுவோம். எது எப்போது உடைந்தது, மூல காரணம் என்ன, இனி எப்படித் தடுப்பது என்று. அதற்கு போஸ்ட்மார்ட்டம் என்றே பெயர். கார்பெட் எழுதியவை பெரும்பாலும் இந்த வகை அறிக்கைகள். ஒவ்வொரு ஆட்கொல்லியின் உடலிலும் பழைய குண்டுக்காயம் இருக்கிறதா, முள்ளம்பன்றி முள் தைத்திருக்கிறதா என்று தேடுகிறார். யாரோ ஒருவன் சுட்டுவிட்டுப் பின்தொடராமல் வீட்டுக்குப் போனான், அதற்கான விலையை ஒரு மலைக்கிராமம் கொடுத்தது. இந்தக் கணக்கை விடாமல் போடுவதால்தான் அவர் வெறும் வீரக்கதைக்காரராக மிஞ்சவில்லை.

சம்பாவத் புலிக்காக ஐக்கிய மாகாண ஆளுநர் ஜான் ஹியூவெட் அவருக்குப் பரிசளித்தது ஒரு .275 ரிக்பி. ஏழு மில்லிமீட்டர் குழல், ஒன்பது கிராம் குண்டு. புலிக்குச் சின்னது என்று அந்தக் காலத்து துரைமார் பலர் முகம் சுளித்திருக்கக்கூடிய அளவு. கார்பெட்டிடம் 450/400 என்ற கனமான இரட்டைக்குழலும் இருந்தது. அதன் குண்டு சுமார் 26 கிராம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எது நல்லது என்ற கேள்விக்கு அவர் நேரடியாகப் பதில் சொல்வதில்லை. சௌகர் பெண்புலியின் கதை சொல்கிறது.

1930 ஏப்ரல். கார்பெட் பறவை முட்டைகள் சேகரிப்பவர். அன்று வழியில் கிடைத்த இரண்டு முட்டைகளை இடக்கையில் பத்திரமாகப் பிடித்திருக்கிறார். வலக்கையில் மார்புக்குக் குறுக்காக .275. ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினால் எட்டு அடியில் புலி, அவரையே பார்த்தபடி. ரைஃபிளை ஒற்றைக் கையால், அங்குலம் அங்குலமாக, முக்கால் வட்டம் சுழற்றிச் சுடுகிறார். பிறகு நிதானமாகக் காரணங்களை அடுக்குகிறார்: கையில் முட்டைகள் இருந்தன, துப்பாக்கி லேசாக இருந்தது, புலி ஆட்கொல்லியாக இருந்தது. முட்டை இல்லாதிருந்தால் இரண்டு கையாலும் வெடுக்கென்று திருப்பியிருப்பார், புலி பாய்ந்திருக்கும். துப்பாக்கி கனமாக இருந்தால் ஒற்றைக் கையால் சுழற்றியிருக்கவே முடியாது. சாதாரணப் புலி என்றால் ஆளைக் கண்டதும் வழியைத் திறக்கப் பாய்ந்திருக்கும்.

துப்பாக்கித் தேர்வு பற்றி இதைவிடத் தெளிவான பாடம் நான் வாசித்ததில்லை. கடையில் கேட்கும் கேள்வி 'எது அதிக சக்தி?' காட்டில் கேட்க வேண்டியது 'எதை என்னால் கடைசி நொடியில் திருப்ப முடியும்?'

கென்னத் ஆண்டர்சனிடம் இன்னொரு வகைப் பதில் இருக்கிறது. அவர் நமக்குக் கிட்டத்துக்காரர். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சிவனிப்பள்ளி என்று அவர் நடந்த இடங்களுக்கு இன்றும் ஓசூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்விடலாம். அவர் கையில் .405 வின்செஸ்டர், 1895 மாடல். விசைக்குக் கீழே இருக்கும் நெம்புகோலைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். சுமார் 19 கிராம் எடையுள்ள மொண்ணை மூக்குக் குண்டு. காற்றைக் கிழிக்கும் வடிவம் இல்லாததால் தூரம் போகப்போக வேகம் இழந்து தாழ்ந்துவிடும். ஆனால் மூங்கில் புதருக்குள் எதிர்ப்படும் சிறுத்தைக்கு நானூறு மீட்டர் கணக்கு எதற்கு? 1954-இல் தொடங்கி வந்த அவரது புத்தகங்களில் பெரும்பாலான சூடுகள் ஒரு கிரிக்கெட் பிட்ச் நீளத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ நடப்பவை. அவருக்குத் தேவை கிட்டத்தில் ஆளைக் காப்பாற்றும் அடுத்த தோட்டா. அதைத்தான் வாங்கினார்.

இப்போது எதிர்த்தரப்பு. துப்பாக்கித் தேர்வில் அறம் இருக்கிறது என்று சொன்னால், சரியான துப்பாக்கியை எடுத்தவன் எல்லாம் நல்லவனா? ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் பர்மா அனுபவத்தை வைத்து எழுதிய யானைக் கட்டுரை இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. அவர் முதலில் எடுத்துப்போவது ஒரு பழைய .44 வின்செஸ்டர். யானையைக் கொல்லப் போதாது, சத்தத்துக்கு உதவும். பிறகு யானைத் துப்பாக்கி ஒன்றை வரவழைக்கிறார். அது வந்ததைப் பார்த்ததும்தான் ஊர் திரண்டு பின்னால் வருகிறது. பெரிய துப்பாக்கி கைக்கு வந்த பிறகு சுடாமல் திரும்ப வழியில்லை. சுடுகிறார். யானையின் மூளை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. காதுக்கு நேராகக் குறிவைப்பதற்குப் பதில் சில அங்குலம் முன்னால் வைக்கிறார். யானை சாக அரை மணி நேரம். அவர் அதுவரை நிற்கவில்லை, போய்விடுகிறார். யானை மிதித்துச் செத்த மனிதனைத் திராவிடக் கூலி என்றே எழுதுகிறார். கடைசியில் வெள்ளைக்கார இளைஞர்கள், ஒரு கூலிக்காக இவ்வளவு விலையுள்ள யானையைச் சுடுவதா என்று பேசிக்கொள்கிறார்கள். சரியான கருவி, தவறான அறிவு, அதைவிடத் தவறான காரணம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் டபிள்யூ.டி.எம். பெல். ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர், அவற்றில் பலவற்றை கார்பெட்டின் அதே .275 அளவில். யானையின் மண்டையோட்டை வாளால் அறுத்து, மூளை எங்கே என்று வரைபடம் போட்டுக்கொண்ட ஆள். பத்து, பதினொரு கிராம் குண்டு போதும், ஒரே சூடு, யானை உட்கார்ந்தபடியே செத்துவிடும். பொறியாளன் என்ற முறையில் எனக்கு வியப்பு வருகிறது, அடுத்த கணம் எண்ணிக்கையை நினைத்தால் வயிறு புரட்டுகிறது. துல்லியம் விலங்கின் வலியைக் குறைக்கும். ஆனால் அதைக் கொல்ல வேண்டுமா என்ற கேள்வியைத் துல்லியம் தொடுவதே இல்லை. பெல்லின் அறம் விசையில் தொடங்கி விசையிலேயே முடிந்துவிட்டது.

ஹெமிங்வேயின் பிரான்சிஸ் மெகோம்பர் கதையும் அதே 1936-இல் வந்ததுதான். அதிலும் ஆளுக்கொரு துப்பாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பணக்கார மெகோம்பர் ஸ்பிரிங்ஃபீல்டால் சிங்கத்தைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டு, அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கிறான். வழிகாட்டி வில்சன் சொல்லும் காரணங்கள் இரண்டு: அது வலியில் இருக்கும், வேறு யாராவது தெரியாமல் அதனிடம் போய் மாட்டுவார்கள். கார்பெட் தன் வாழ்நாள் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்த கடனும் இதுதான். சுட்டவன் பின்தொடர வேண்டும்.

நம் இலக்கியத்துக்கு வருவோம். துப்பாக்கி இல்லாத காலத்திலேயே ஆயுதத் தேர்வைப் பேசியவர்கள் நாம். படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர், முயலை வீழ்த்திய அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலே மேல் என்கிறார். இன்றைய மொழியில் சொன்னால் குழல் அளவு பற்றிய குறள். அடுத்தடுத்த குறள்களிலேயே இன்னொரு வீரன் வருகிறான். கைவேலை யானைமேல் எறிந்துவிட்டு, அடுத்த ஆயுதத்துக்குத் தன் மார்பில் தைத்த வேலைப் பிடுங்கிச் சிரிக்கிறான். அவன் சிரிப்பு நமக்குத் தெரியும். வேல் தைத்த யானை எங்கே போனது? கவிதைக்கு வெளியே போய்விட்டது. போர்க்களம், வீரன் புகழ்தான் பொருள், ஒப்புக்கொள்கிறேன். வேட்டைக்கே வருவோம். புறநானூறு 152-இல் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துச் செல்கிறது. வன்பரணர் பாடுவது ஊடுருவும் வலிமையை.

இன்னும் விசித்திரம் அகப்பாடல் மரபு. தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா, மான் வந்ததா என்று கேட்பான். கெடுதி வினாதல், வேழம் வினாதல் என்று அதற்குத் துறையே உண்டு. தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும், அவன் தேடி வந்தது யானையை இல்லை. அழகான உத்திதான். ஆனால் அந்த யானை இருந்திருந்தால்? இரண்டாயிரம் வருடமாக அடிபட்ட விலங்கு நம் கவிதையில் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பதற்கான சாக்காக இருக்கிறது. பேச்சு தொடங்கியதும் யாரும் அதைத் தேடிப் போகவில்லை.

இந்த இடத்தில் வேட்டை இலக்கியம் நமக்கு எதையோ கொடுக்கிறது என்று நினைக்கிறேன். காலனியத் திமிர் அதில் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. ரிக்பி வைத்திருந்த துரைக்குப் பக்கத்தில் நாட்டுத்துப்பாக்கியோடு நின்றவனைப் பற்றி அந்தப் புத்தகங்கள் குறைவாகவே பேசுகின்றன. கார்பெட்டாவது சிறுவயதில் ஒரு குழல் பிளந்து, பித்தளைக் கம்பி சுற்றிய துப்பாக்கியோடுதான் காட்டைக் கற்றார். 'ஜங்கிள் லோர்' புத்தகத்தில் அதை ஆசையாக எழுதுகிறார். மற்றவர்களுக்கு உள்ளூர்க்காரன் துப்பாக்கி தூக்குபவன், மரத்தில் பரண் கட்டுபவன், அவ்வளவுதான். ஆனாலும் அடிபட்ட விலங்கை அவர்கள் பக்கத்துக்கு வெளியே அனுப்பிவிடவில்லை. ரத்தத் துளியைத் தொட்டுப் பார்த்து, நுரைத்திருந்தால் நுரையீரல் என்று படித்து, பின்னால் போனார்கள். ஒரு கலாச்சாரத்திடம் நான் கற்றுக்கொள்ள விரும்புவது இந்தப் பின்னால் போவதைத்தான்.

இன்று துப்பாக்கி பற்றிய பேச்சு முழுக்க தூரத்தைப் பற்றியதாக ஆகிவிட்டது. வேட்டைக்கும் ஆயிரம் மீட்டர் இலக்குக்கும் சேர்த்து ஒரே ரைஃபிள் எது என்று கேட்பவர்கள் உலகெங்கும் உண்டு. அப்படி ஒன்று ஏன் சிக்கல் என்பதற்கு விடை எளிய இயற்பியல். இலக்குச் சுடுபவனுக்குத் தடித்த, கனமான குழல் வேண்டும். சூட்டில் வளையாது, அதிராது, தோளில் உதைக்காது. வேட்டைக்காரனுக்கு அதே கனம் மலையேறும்போது சுமை, கார்பெட்டின் ஒற்றைக் கையில் மரணம். அடுத்தது நேரம். ஆயிரம் மீட்டரைக் கடக்க ஒரு சாதாரண ரைஃபிள் குண்டுக்கு ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைப் பத்து மீட்டருக்கு மேல் கீழே இழுத்திருக்கும். அதைத் தொலைநோக்கியைத் திருகிச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஒன்றரை நொடியில் மான் ஓர் அடி எடுத்து வைக்கும். விசையை அழுத்தும்போது நெஞ்சுக்கு வைத்த குறி, குண்டு போய்ச் சேரும்போது வயிறு. எந்தக் கணினியாலும் மானின் அடுத்த அடியைத் திருத்த முடியாது. காகிதத்தில் வரைந்த வட்டம் நகராது, அதற்கு வயிறும் கிடையாது. அதனால் தூர இலக்குச் சுடுதல் ஒரு நேர்மையான விளையாட்டு. அதை உயிருள்ள ஒன்றின் மேல் ஆடும்போதுதான் கோணல்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைக் காலம் முடிவுக்கு வந்தது. அப்படியானால் இதையெல்லாம் ஏன் பேச வேண்டும்? எங்கள் ஊரில் நின்று பார்த்தால் தெரியும். ரப்பர் மரங்களுக்கு நடுவே அன்னாசி, வீட்டுக்குப் பின்னால் மரச்சீனி, அதைத் தோண்ட ராத்திரி பன்றி. பக்கத்தில் கேரளத்தில் 2022-இல், உரிமம் உள்ளவர்களைக் கொண்டு காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று முடிவானது. விவசாயியின் நஷ்டம் உண்மை, சுட வேண்டிய தேவையும் இருக்கலாம். ஆனால் டீக்கடையில் பேச்சு 'சுடலாமா கூடாதா' என்பதோடு நின்றுவிடுகிறது. யார், எதால், எவ்வளவு கிட்டத்தில் நின்று சுடுவார், அடிபட்டு ஓடினால் யார் பின்னால் போவார் என்று யாரும் கேட்பதில்லை. பால்வெட்டுக்குப் போகும் பெரியவர் ஒருவர் மட்டும் ஒருநாள் சொன்னார்: "அடிபட்ட பன்னி அன்னைக்கே சாவாது மக்கா. மூணாம் நாளு நாத்தம் வரும், அப்பந்தான் எங்க கெடக்குன்னு தெரியும்." கார்பெட் எழுதியதன் சாரம் இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது.

நம் காலத்தின் ரைஃபிள் வேறு ஒன்று. 2023 ஜூன் 5 அன்று கம்பம் பக்கம் அரிக்கொம்பனை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, எங்களுக்கு மேலே மேல்கோதையாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பேச்சிப்பாறை வரை ஊரே பயந்து கிடந்த நாட்கள் அவை. மயக்க ஊசித் துப்பாக்கியில் அழுத்த வாயு ஒரு சிரிஞ்சைத் தள்ளுகிறது. கனமான, மெதுவான எறிபொருள் என்பதால் சில பத்து மீட்டருக்குள் போயே ஆக வேண்டும். கண்ணால் பார்த்து எடையை மதிப்பிட்டு மருந்தை அளக்க வேண்டும். கூடினால் யானை சாகும், குறைந்தால் ஆளைத் துரத்தும். பட்டதும் விழாது, நடக்கும். பின்னாலேயே போக வேண்டும், தண்ணீரில் விழாமல் பார்க்க வேண்டும், கடைசியில் மாற்று மருந்து கொடுத்து எழுப்பவும் வேண்டும். கிட்டே போவது, பின்தொடர்வது, பொறுப்பேற்பது என்று வேட்டை இலக்கியம் தன் நல்ல பக்கங்களில் சொன்ன அனைத்தும் இந்தக் கருவியில் கட்டாயம். கொல்வது மட்டும் இல்லை.

இதை எழுதியவர்கள் தமிழில் யார்? டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து ஜெயமோகன் 'யானை டாக்டர்' எழுதினார். அது வெளியே நின்று வியந்து பார்க்கும் ஒருவரின் குரல். எனக்கு வேண்டியது உள்ளிருந்து வரும் புத்தகம். ஊசி போட்ட கால்நடை மருத்துவரோ, கூடப்போன வேட்டைத்தடுப்புக் காவலரோ, வழிகாட்டிய காணிக்காரரோ எழுத வேண்டும். எத்தனை மில்லி, எத்தனை அடி, காற்று எந்தப் பக்கம், எது பிசகியது என்று எண்களோடு எழுத வேண்டும். பதிப்பாளர்கள் அந்தப் பக்கங்களை வெட்டாமல் போட வேண்டும். வாசகர்களாகிய நாமும் இந்தத் தடவை தாண்டிப் போகாமல் இருக்க வேண்டும்.